விற்ற பொருள் வாபஸ் இல்லையா?

பில்லின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்.

"விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது."

சேலம் கடை வீதியிலும் இந்த வரி உண்டு. நாமக்கல் பஸ் நிலையத்தை ஒட்டிய கடைகளிலும் உண்டு. ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர், எடப்பாடி என்று எங்கே போனாலும் உண்டு. பில்லில் அச்சடித்தது போதாது என்று, சில கடைகளில் பலகையில் எழுதிக் கல்லாப் பெட்டிக்கு மேலே மாட்டியும் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஒரு வரி எத்தனையோ குடும்பங்களின் காசை விழுங்கியிருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு வாங்கிய மவுஸ் ஓடவில்லை. கீ போர்டில் பாதி எழுத்து விழவில்லை. பென் டிரைவில் போட்ட படம் மறுநாள் காணவில்லை. வாங்கியவர் பொருளை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறார். கடைக்காரர் வாய் திறந்து பதில் சொல்வதுகூட இல்லை. அவர் விரல் பலகையைக் காட்டுகிறது. வந்தவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார்.

அந்தப் பலகைக்கு அவ்வளவு அதிகாரம் உண்டா?

இல்லை!

பழுதான பொருளைப் பொறுத்தவரை அந்த வரி சட்டத்தின் முன்னால் நிற்காது. பணத்தைத் திருப்பிக் கேட்பது பிச்சை அல்ல; அது உரிமை. இதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுண்டிப் பார்க்க முடியுமா?

சேலம், நாமக்கல் சீமையில் பொருள் வாங்கத் தெரியாதவர்கள் இல்லை.

தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். சேலையை வெளிச்சத்தில் விரித்து இழை பார்ப்பார்கள். புதன்சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மடியில் இருக்கும் பணத்தை அவிழ்ப்பார்.

இப்படி வாங்கிய மாடு நொண்டுகிறது என்று மறுநாள் வந்து நின்றால், "நீங்கள்தானே நடக்கவிட்டுப் பார்த்தீர்கள்?" என்று விற்றவர் கேட்பார். அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு.

"வாங்குகிறவன்தான் உஷாராக இருக்க வேண்டும்" என்ற பழைய கொள்கை இப்படித்தான் பிறந்தது. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு வாங்கிய காலத்துக்கு அது பொருத்தம்.

ஆனால் மவுஸை எப்படிச் சுண்டிப் பார்ப்பது? பென் டிரைவுக்கு எந்தப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது?

பொருள் ஒட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. மேலே பளபளப்பான படம் இருக்கிறது. உள்ளே இருப்பது ஓடுமா, ஓடாதா என்பது பெட்டியைப் பிரித்தால்தான் தெரியும். பிரித்தாலோ, "சீல் உடைந்துவிட்டது, வாபஸ் கிடையாது" என்கிறார்கள்!

பிரிக்காமல் குறை தெரியாது. குறை தெரிந்தபின் வாபஸ் கிடையாது. இது என்ன நியாயம்?

வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர்

ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் என்பது பெரிய ஆபீசுகளில் மட்டும் இருந்தது. இன்று அப்படி இல்லை.

2011-ம் ஆண்டு தமிழக அரசு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும், கல்லூரி மாணவர்களுக்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதன் மூலம் ஓட்டு வீடுகளுக்குள்ளும் கம்ப்யூட்டர் நுழைந்தது.

கம்ப்யூட்டர் வந்தால் அதன் பரிவாரமும் வரும். மவுஸ் வேண்டும். பென் டிரைவ் வேண்டும். சார்ஜர் கெட்டால் வேறு சார்ஜர் வேண்டும். பிரின்டர் வேண்டும். இந்தச் சில்லறைச் சாமான்களில்தான் தொல்லை அதிகம்.

விலை ரூ.300 இருக்கலாம், ரூ.600 இருக்கலாம். பணக்காரருக்கு அது பெரிய தொகை அல்ல. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவருக்கு அது உழைத்துச் சம்பாதித்த கூலி. சேகோ ஆலையில் வேலை பார்க்கும் தாய் தன் மகளின் படிப்புக்காக மிச்சம் பிடித்த காசு.

"போனால் போகட்டும், சின்னத் தொகைதானே" என்று விட்டுவிடுகிறார்கள். சின்னத் தொகை என்பதுதான் அந்தப் பலகைக்குப் பலம். 100 பேர் ஆளுக்கு ரூ.300 விட்டுக்கொடுத்தால் ரூ.30 ஆயிரம்! இழந்தவர்களுக்குச் சின்னத் தொகை. சேர்த்தவருக்குப் பெரிய தொகை.

முதலில் சோதனை

கோபப்படும் முன் ஒன்று செய்ய வேண்டும். பொருளில் உண்மையாகவே குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாத் தவறும் கடைக்காரர் தலையில் அல்ல.

ஒயர் இல்லாத மவுஸ் ஓடவில்லை என்று பலர் கடைக்கு வருவார்கள். அந்த மவுஸுக்கு நகத்தளவு ஒரு சின்னத் துண்டு உண்டு. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் மவுஸ் ஓடும். பல மவுஸ்களில் அந்தத் துண்டு, பாட்டரி போடும் அறைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதைப் பார்க்காமலேயே "மவுஸ் கெட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பிரின்டருக்கு, அதை இயக்கும் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். "டிரைவர்" என்று அதைச் சொல்கிறார்கள். லாரிக்கு டிரைவர் இல்லாவிட்டால் லாரி ஓடுமா? பிரின்டரும் அப்படித்தான்.

வெளியே செருகும் ஹார்டு டிஸ்க் சில நேரம் "டிக் டிக்" என்று மட்டும் சத்தம் போடும். பழைய ரக யு.எஸ்.பி. துளை 500 மில்லி ஆம்பியர் மின்சாரம் கொடுக்கும். அடுத்து வந்த ரகம் 900 மில்லி ஆம்பியர் கொடுக்கும். மின்சாரம் போதாவிட்டாலும் டிஸ்க் சுழலாது. வேறு துளையில் செருகிப் பார்க்க வேண்டும். ஒயரை மாற்றிப் பார்க்க வேண்டும்.

சார்ஜர் வாங்கும்போது பழைய சார்ஜரில் எழுதியுள்ள வோல்ட் அளவு, புதியதிலும் அதேதானா என்று பார்க்க வேண்டும். தவறான சார்ஜரைக் கேட்டு வாங்கியவர், பொருளைக் குறை சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரிலோ, பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரிலோ ஒரு முறை மாட்டிப் பார்ப்பது மிக நல்லது. இரண்டு கம்ப்யூட்டரிலும் ஓடவில்லை என்றால், குறை பெரும்பாலும் பொருளில்தான்.

கீழே போட்டு உடைத்த பொருளுக்கோ, தண்ணீரில் நனைத்த பொருளுக்கோ வாபஸ் கேட்கக் கூடாது. "நிறம் பிடிக்கவில்லை" என்பதும் பழுது ஆகாது. நியாயம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

வயிறு சின்னது, வாய் பெரியது

பென் டிரைவில் நடக்கும் ஒரு மோசடியைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

பென் டிரைவுக்குள் இரண்டு முக்கியச் சில்லுகள் உண்டு. ஒன்று தகவலைச் சேர்த்து வைக்கும். மற்றொன்று, "என்னிடம் இவ்வளவு இடம் இருக்கிறது" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும்.

மோசடிக்காரர்கள் இரண்டாவது சில்லைப் பொய் சொல்ல வைக்கிறார்கள். உள்ளே இருப்பது 8 ஜி.பி. இடம்தான். அது "என்னிடம் 1,000 ஜி.பி. இருக்கிறது" என்று சொல்லும். கம்ப்யூட்டரும் நம்பிவிடும். 8 ஜி.பி. நிரம்பும்வரை ஒன்றும் தெரியாது. அதற்குமேல் போடுகிற படமும் பாட்டும் பாழாகிவிடும். பழைய படம் அழிவதும் உண்டு.

கல்யாணப் படங்களை இப்படிப்பட்ட பென் டிரைவில் ஏற்றிவிட்டுக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டால் என்ன ஆகும்? பணத்தைத் திருப்பி வாங்கலாம். படத்தைத் திருப்பி வாங்க முடியுமா?

ஆகவே புதிய பென் டிரைவை வாங்கியதும், வேண்டாத படங்களைப் போட்டு முழுவதும் நிரப்பிப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாகத் திறக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஊர் உலகத்தில் இல்லாத மலிவு விலையில் ஒரு பொருள் கிடைத்தால், சந்தேகப்படுவது புத்திசாலித்தனம்.

சட்டம் என்ன சொல்கிறது?

விற்கிற பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது புதிய சட்டம் அல்ல. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. அந்த வகைப் பொருளை வழக்கமாக விற்கும் வியாபாரி இந்தக் கடமையிலிருந்து எளிதில் நழுவ முடியாது.

ஆனால் ரூ.300-க்காக யார் சிவில் கோர்ட்டு ஏறுவார்கள்? கோர்ட்டுக் கட்டணம், வக்கீல் பீஸ், பஸ் செலவு என்று கூட்டினால் அதுவே பொருளின் விலையைத் தாண்டிவிடும். உரிமை ஏட்டில் இருந்தது, கைக்கு எட்டவில்லை.

இந்தக் குறை இந்தியாவில் மட்டும் அல்ல. 1962 மார்ச் 15-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, அந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கு ஒரு செய்தி அனுப்பினார். பொருள் வாங்குகிறவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். உண்மை விவரம் தெரிய வேண்டும். தேர்ந்தெடுக்க வாய்ப்பு வேண்டும். அவர்கள் குரலைக் கேட்க வேண்டும் என்று 4 உரிமைகளை அதில் குறிப்பிட்டார். அந்த நாளைத்தான் உலகம் நுகர்வோர் உரிமை நாளாகக் கொண்டாடுகிறது.

இந்தியாவில் 1986 டிசம்பர் 24-ந் தேதி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்தது. நுகர்வோர் என்றால் காசு கொடுத்துப் பொருள் வாங்கிப் பயன்படுத்துகிறவர். அவருக்கென்றே தனிக் கோர்ட்டு வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் புதிய சட்டம் இயற்றினார்கள். அது 2020 ஜூலை 20-ந் தேதி அமலுக்கு வந்தது.

புதிய சட்டத்தில் பலகைக்குப் பதில் இருக்கிறது!

பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பது, முறையற்ற வாணிபம் என்று சட்டம் சொல்கிறது. பில்லில் ஒரு கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள் பணம் தர வேண்டும். கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் தர வேண்டும்.

பில் கொடுக்க மறுப்பதும் அதே சட்டத்தின்படி முறையற்ற வாணிபம்தான். "பில் போட்டால் வரி கூடும், வேண்டாமே" என்று சொல்லும் கடைக்காரர், உண்மையில் வாங்குகிறவரின் ஆயுதத்தைப் பிடுங்கிக்கொள்கிறார். நாலு காசு மிச்சம் என்று ஏமாறக் கூடாது. பில் இல்லாவிட்டால் நியாயம் பேசுவது மிகவும் கடினம்.

தொழிலுக்கு வாங்கினால்?

இங்கே ஒரு கேள்வி வரும். "வீட்டுக்கு வாங்கினால் சரி. பிழைப்புக்கு வாங்கினால்?"

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர். மனு அடித்துக் கொடுத்து, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துப் பிழைக்கிறவர்கள் இரண்டு மாவட்டங்களிலும் ஏராளம். அவர்கள் வாங்கிய பிரின்டர் கெட்டால் என்ன வழி?

வியாபார நோக்கத்துக்காக வாங்குகிறவர் நுகர்வோர் அல்ல என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தானே உழைத்து, அந்த வருமானத்தில் வயிற்றைக் கழுவுவதற்காக மட்டும் வாங்கியிருந்தால் அவரும் நுகர்வோர்தான்.

இதைத் தெளிவாக்கியது 1995-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பு. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிலையத்திடம் லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கியது. அதில் எழுந்த வழக்கு டெல்லி வரை போனது. பெரிய அளவில் தொழில் நடத்த வாங்கிய இயந்திரம் என்பதால், வாங்கிய நிறுவனம் நுகர்வோர் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. இயந்திரத்தில் குறை உண்டா, இல்லையா என்பதற்குள் அந்தத் தீர்ப்பு போகவில்லை. வேறு கோர்ட்டில் பரிகாரம் தேடலாம் என்று வழி விட்டது.

அதே தீர்ப்பில் கோர்ட்டு சில உதாரணங்களும் சொன்னது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கிறவர் நுகர்வோர். ஒரு லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர். கடைசல் இயந்திரம் வாங்கித் தானே வேலை செய்கிறவர் நுகர்வோர்.

லாரிக்குப் பெயர் பெற்ற நாமக்கல், சங்ககிரி மக்களுக்கு இது உடனே விளங்கும். ஒரு லாரியைத் தானே ஓட்டுகிறவர் வேறு. 50 லாரி வைத்து ஆள் போட்டு நடத்துகிறவர் வேறு. கம்ப்யூட்டர் சென்டருக்கும் அதே கணக்குதான். ஒரு பிரின்டர் வைத்துத் தானே உழைக்கிறவர் தைரியமாக நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம்.

எந்த வாசலைத் தட்டுவது?

முதல் வாசல் கடைதான். நேரில் போய், பில்லையும் பொருளையும் காட்டி, அமைதியாகக் கேட்க வேண்டும். சண்டை வேண்டாம். பல கடைக்காரர்கள் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

மறுத்தால் எழுத்தில் கேட்க வேண்டும். வக்கீல் நோட்டீசு தேவை இல்லை. ஒரு வெள்ளைத்தாள் போதும். பொருள் என்ன, எந்தத் தேதியில் வாங்கியது, பில் எண் என்ன, குறை என்ன, வேண்டுவது பணமா, மாற்றுப் பொருளா. இந்த 5 விவரங்களை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். பில்லின் நகலை இணைத்து, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அசல் பில்லை யாரிடமும் கொடுத்துவிடக் கூடாது.

உற்பத்தி செய்த கம்பெனிக்கும் ஒரு கடிதம் போடலாம். விலாசம் எங்கே கிடைக்கும்? பெட்டியிலேயே இருக்கும். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், அதிகபட்ச விலை, புகார் சொல்வதற்கான தொடர்பு விவரம் ஆகியவை பெட்டியின் மீது இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் பெட்டியைக் குப்பையில் போடக் கூடாது.

அடுத்த வாசல் 1915. இது தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் டெலிபோன் எண். தமிழிலும் பேசலாம். அவர்கள் கம்பெனிக்குப் புகாரை அனுப்பிச் சமரசம் செய்ய முயல்வார்கள். இது கோர்ட்டு அல்ல, தீர்ப்புச் சொல்லாது. ஆனாலும் இந்தக் கட்டத்திலேயே பல புகார்கள் தீர்ந்துவிடுகின்றன.

கடைசி வாசல், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மக்கள் நுகர்வோர் கோர்ட்டு என்கிறார்கள். நாமக்கல் மாவட்டம் 1997 ஜனவரி 1-ந் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. இன்று சேலத்திலும் ஆணையம் உண்டு, நாமக்கல்லிலும் உண்டு.

கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை உள்ள வழக்குகளை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். விலை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் ஒரு காசும் இல்லை! மவுசுக்கும் பிரின்டருக்கும் ஆகும் கட்டணம் பூஜ்யம்தான்.

வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாங்கியவரே நின்று பேசலாம். இ-ஜாக்ரிதி என்ற அரசு இணைய தளம் வழியாகவும் மனுப் போடலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இருந்தால் காலம் கடந்துவிடும்.

நோட்டீசு கிடைத்ததும் எதிர்த்தரப்பு 30 நாட்களில் பதில் சொல்ல வேண்டும். மேலும் 15 நாட்கள் வரை அவகாசம் கிடைக்கலாம். அதற்குமேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச் மாதம் சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்ப்புக் கூறியது.

குறை நிரூபணம் ஆனால், ஆணையம் பழுதை நீக்கச் சொல்லலாம். புதிய பொருள் கொடுக்கச் சொல்லலாம். வட்டியுடன் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம். நஷ்டஈடும் செலவுத் தொகையும் வழங்கச் சொல்லலாம்.

உத்தரவை மதிக்காதவர் என்ன ஆவார்? ஒரு மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.25 ஆயிரத்துக்குக் குறையாமல் ரூ.1 லட்சம் வரை அபராதம். அல்லது இரண்டும் விதிக்கலாம். பலகைக்குப் பின்னால் அதிகாரம் இல்லை. ஆணையத்தின் உத்தரவுக்குப் பின்னால் சிறைக் கதவே இருக்கிறது.

செல்போனில் வாங்கினால்?

இப்போது பலர் கடைக்கே போவதில்லை. செல்போனில் படத்தைப் பார்த்து, விரலால் தட்டினால் பொருள் வீட்டுக்கு வருகிறது. கடை எங்கோ வடக்கே இருக்கும். பொருள் கெட்டால் யார் சட்டையைப் பிடிப்பது?

இதற்கும் வழி உண்டு. 2020-ல் வந்த மின் வணிக விதிகளின்படி, ஒவ்வொரு மின் வணிக நிறுவனமும் குறை கேட்கும் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்தில் "புகார் கிடைத்தது" என்று பதில் வர வேண்டும். ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது.

அதைவிட முக்கியமான உரிமை ஒன்று உண்டு. பழைய சட்டத்தில், எதிர்த்தரப்பு தொழில் நடத்தும் ஊரிலோ, பிரச்சினை ஏற்பட்ட ஊரிலோதான் வழக்குப் போட முடிந்தது. புதிய சட்டத்தில், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ராசிபுரத்தில் இருப்பவர் டெல்லிக்கு ரயில் ஏற வேண்டாம். நாமக்கல்லுக்கு டவுன் பஸ் ஏறினால் போதும். டெல்லிக் கம்பெனிதான் நாமக்கல்லுக்குப் பதில் சொல்ல வேண்டும்!

தபாலில் வந்த பெட்டியைத் திறக்கும்போதே செல்போனில் படம் பிடித்து வைப்பது நல்லது. பெட்டிக்குள் என்ன வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

கடைக்காரரின் கஷ்டம்

கடைக்காரரை வில்லனாக்கிப் பேசுவது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல. சின்னக் கடைக்காரரும் பெரும்பாலும் வாங்கி விற்கிறவர்தான். சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள மொத்த வியாபாரி அனுப்புகிற பெட்டியை அவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பழுதான பொருளைத் திருப்பி வாங்கினால், அதை மொத்த வியாபாரி ஏற்றுக்கொள்வாரோ என்ற பயம் அவருக்கு.

அந்தப் பயத்துக்கு மருந்து, வாங்குகிறவரை விரட்டுவது அல்ல. மொத்த வியாபாரியிடம் பில் போட்டு வாங்குவதும், பழுதைத் திருப்பி எடுக்கும் நிபந்தனையை எழுத்தில் கேட்பதும்தான் மருந்து. பெயர் இல்லாத கம்பெனிச் சரக்கை ஒதுக்க வேண்டும். பிரின்டர், ஸ்கேனர், அடாப்டர் போன்ற பொருள்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். "ஆர்" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் பொருளில் இருக்கிறதா என்று கடைக்காரரும் பார்க்க வேண்டும். வாங்குகிறவரும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் செய்யலாம். கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கத்தானே இருக்கிறது? விற்கும்போதே பெட்டியைப் பிரித்து, மாட்டி, ஓட்டிக் காட்டிக் கொடுக்கலாம். 5 நிமிட வேலை. தேங்காயைச் சுண்டிப் பார்த்த பழைய வழக்கம் புதிய வடிவத்தில் திரும்ப வரும். இரண்டு தரப்புக்கும் சந்தேகம் இல்லை.

பிறர் பொருளையும் தம் பொருள்போல் எண்ணிப் பார்ப்பதுதான் நல்ல வாணிபம் என்பது வள்ளுவர் காட்டிய வழி. அந்த வழியில் நடக்கும் கடைக்குக் கூட்டம் தானாக வரும். மாற்றிக் கொடுத்த ஒரு மவுசு, 10 புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவரும். விரட்டிவிட்ட ஒரு வாடிக்கையாளர் 10 பேரைத் தடுத்துவிடுவார்.

அரசு செய்ய வேண்டியது

சட்டம் நன்றாக இருக்கிறது. அது ஓட வேண்டாமா?

பொருளைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பத் தேவை இல்லாத வழக்கை 3 மாதத்திலும், அனுப்ப வேண்டிய வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வழக்குகள் அதைத் தாண்டி இழுக்கின்றன. தலைவர், உறுப்பினர் பதவிகள் காலியாகக் கிடப்பது அதற்கு ஒரு காரணம். 2021-ல் சுப்ரீம் கோர்ட்டே தானாக முன்வந்து இந்தக் குறையை விசாரணைக்கு எடுத்தது.

ரூ.300-க்கு நியாயம் கிடைக்க 3 ஆண்டு ஆனால், அது நியாயமா? சின்னத் தொகை வழக்குகளுக்குத் தனி நாள் ஒதுக்க வேண்டும். செல்போன், வீடியோ மூலம் விசாரிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைத் தாராளமாகப் பயன்படுத்தினால், ஒரு நாள் கூலியை இழந்து யாரும் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியது இல்லை.

அதிகாரிகள் கடை வீதியில் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்ற பலகைகளைக் கழற்றச் சொல்லலாம். அந்த இடத்தில், "பழுதான பொருளுக்கு 30 நாட்களுக்குள் பணம் கிடைக்கும், புகாருக்கு 1915" என்று எழுதச் சொல்லலாம். செலவு ஒரு டப்பா பெயிண்டுதான்.

கேட்டால்தான் கிடைக்கும்

பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரை இயக்கச் சொல்லித் தருகிறார்கள். கூடவே ஒரு பில்லை எப்படிப் படிப்பது, ஒரு புகார்க் கடிதம் எப்படி எழுதுவது என்பதையும் சொல்லித் தர வேண்டும். வீட்டில் படித்த மகள் இருந்தால், அப்பாவுக்காக அந்த 5 விவரக் கடிதத்தை அவளே எழுதலாம். எழுதப் படிக்கக் கற்றதன் பலன் அதுதான்.

ஒருவர் கேட்டு வாங்கினால், அவருக்கு ரூ.300 கிடைக்கும். ஊரே கேட்கப் பழகினால், பழுதான சரக்கு அந்த ஊருக்குள் வரவே தயங்கும். ஆகவே தொகை சின்னதா, பெரியதா என்று யாரும் பார்க்க வேண்டியது இல்லை. உழைத்த காசு எல்லாமே பெரிய காசுதான்.

பில்லைப் பத்திரப்படுத்துவோம்! குறையை எழுதிக் கேட்போம்! கிடைக்கும்வரை கேட்போம்!